சுவருக்குப் பயந்த சட்டம்: அமெரிக்க அடுக்ககங்களில் பால்கனி கிரில்

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே. அது வந்தால் அமெரிக்காவில் கோடை பிறந்துவிட்டதாகக் கணக்கு. அதற்கு முந்தைய வாரமே கடை வாசல்களில், கிரில் என்னும் இறைச்சி சுடும் அடுப்புக்கான கரி மூட்டைகளை இடுப்புயரத்துக்கு அடுக்கிவிடுவார்கள். அதே வாரத்தில் அப்பார்ட்மென்ட் அலுவலகத்திலிருந்தும் ஒரு மின்னஞ்சல் வந்துசேரும்: பால்கனியில் கிரில் வைக்கக் கூடாது, வைத்திருந்தால் உடனே எடுத்துவிடவும். கடைக்காரர் வா வா என்கிறார், வீட்டுக்காரர் கூடாது என்கிறார். புதிதாக வந்து இறங்கியவர் யார் பேச்சைக் கேட்பார்?

நானும் அப்படி விழித்தவன்தான். டெக்சஸில் மூன்றாம் மாடியில் குடியிருந்த முதல் கோடையில் சின்னதாக ஒரு கிரில் வாங்கினேன். மசாலா தடவிய கோழித் தொடைகள் தயாராக இருந்தன. தீக்குச்சியைக் கிழிக்கும் நேரத்தில், கீழே போய்க்கொண்டிருந்த பராமரிப்பு ஊழியர் இரண்டு கையையும் ஆட்டித் தடுத்தார். கோழி கடைசியில் ஓவனுக்குள் போனது. எனக்கு ஆறவில்லை. ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே 14.2 கிலோ சிலிண்டர் நிற்கிறது, ஓர் அடி தள்ளி அடுப்பு எரிகிறது, அதற்கு மேல் மாடத்தில் சாமி விளக்கு வேறு. இங்கே நாலாபக்கமும் காற்றடிக்கும் பால்கனியில் ஒரு கைப்பிடி கரிக்கு இத்தனை கெடுபிடியா?

சிலிண்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

விறகால் கட்டிய வீடு

நம் ஊர் பால்கனி கான்கிரீட் தளம், செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு. சமையலறையில் தீப்பிடித்தால் திரைச்சீலை போகும், அலமாரி போகும், சமயத்தில் உயிரும் போகும். ஆனால் சுவர் எரியாது. அதனால் பெரும்பாலும் தீ அந்த வீட்டோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் மூன்று, நான்கு மாடி அடுக்ககங்களில் பெரும்பாலானவை மரச்சட்டத்தில் நிற்பவை. உள்ளே பைன் மரச் சட்டங்கள், அவற்றின்மேல் மரச் சீவல்களைப் பசைபோட்டு அழுத்திய ஓ.எஸ்.பி. பலகை, அதன்மேல் ஈரம் புகாமலிருக்க ஒரு தாள், எல்லாவற்றையும் மூடி வெளியே வினைல் என்னும் பிளாஸ்டிக் பட்டை. பார்க்க வெள்ளையடித்த சுவர்போல் இருக்கும். விரலால் தட்டினால் டொக்கென்று உள்ளீடற்ற ஓசை கேட்கும். கட்டட விதி நூல் இதை ஐந்தாம் வகைக் கட்டுமானம் என்கிறது. எரியக்கூடிய பொருளால் கட்டியது என்று அதற்குப் பொருள்.

வினைல் ஏறத்தாழ 165 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 74 செல்சியஸ் அருகில், இளகத் தொடங்கிவிடும். டபராவில் ஆற்றாமல் கொடுத்த ஃபில்டர் காபியின் சூடு அதைவிட அதிகம். கனிந்த கரியோ பல நூறு டிகிரியில் இருக்கிறது. தீ தொடவே வேண்டாம், பக்கத்தில் நின்றாலே பட்டை நெளிந்து சுவரைவிட்டுத் தொங்கும். அமெரிக்கப் புறநகரில் ஒரு மாலை நடந்துபோனால், பின்கட்டில் கிரில் வைத்த இடத்துக்கு நேராகச் சுவர் உருகி வழிந்திருக்கும் ஒரு வீட்டையாவது பார்த்துவிடலாம். தனிவீட்டில் அது அசிங்கம், பட்டையை மாற்றினால் தீர்ந்தது. பட்டை விலகியபின் உள்ளே இருக்கும் பலகை சூடேறிக் கனன்றால்தான் ஆபத்து.

அடுக்ககத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. உங்கள் தலைக்கு மேலே இருப்பது இன்னொருவர் பால்கனியின் அடிப்பக்கம். கோழிக் கொழுப்பு கரியில் சொட்டி, கிரில்லில் குபீரென்று தழல் எழுந்தால் அது வானத்துக்குப் போக வழியில்லை. மேலே முட்டி, அடிப்பக்கத்தோடு பரவி, சுவர்ப்பக்கம் திரும்பும், அல்லது வெளிவிளிம்பைத் தாண்டி மேல்வீட்டுக்கு ஏறும். மேல்வீட்டில் என்ன இருக்கும்? பிளாஸ்டிக் நாற்காலி, பஞ்சு மெத்தை, கிழிந்த அட்டைப் பெட்டிகள், காய்ந்துபோன துளசிச் செடி. ஏணிப்படிபோல ஒவ்வொரு மாடியிலும் தீக்கு ஓர் உணவு. கடைசி மாடியில் கூரையின் துருத்திய விளிம்பு வருகிறது. அதன் அடியில், மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட பரணுக்குக் காற்றோட்டம் போக, துளையிட்ட வினைல் தகடுகள் வைத்திருப்பார்கள். அவை உருகி விழுந்ததும் பரண் வாய்திறந்து தீயை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இருபது, முப்பது வீடுகளின் தலைக்குமேல் ஓடும் பரண் அது.

இதில் எனக்கு மிகவும் உறைத்த விஷயம் ஒன்று உண்டு. புகை உணரும் கருவிகள் எல்லாம் வீட்டுக்குள் இருக்கின்றன. தீயோ வெளியே தொடங்கி, சுவரின் வெளிமுகத்தில் ஏறி, கூரைக்குள் நுழைகிறது. வீட்டுக்குள் இருப்பவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் நாயை நடத்திக்கொண்டு போகிறவர்தான் முதலில் பார்ப்பார். கதவைத் தட்டும் சத்தம் அலாரத்துக்கு முன்னால் கேட்கும்.

இரண்டு புத்தகங்கள்

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான தீத்தடுப்புச் சட்டம் என்று ஒன்று கிடையாது. இரண்டு அமைப்புகள் மாதிரி விதி நூல்களை எழுதுகின்றன. மாநிலமோ நகரமோ அவற்றில் ஒன்றை எடுத்து, வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டித் தன் சட்டமாக்கிக்கொள்கிறது. ஒன்று, 1994-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோட் கவுன்சில் வெளியிடும் தீ விதி நூல். ஐ.எஃப்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். மற்றது, 1896-ல் பிறந்த என்.எஃப்.பி.ஏ. என்னும் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் முதலாம் எண் விதி நூல். கலிஃபோர்னியாவின் சட்டம் முதல் நூலை அடியொற்றியது. ஃபுளோரிடாவும் மாசசூசெட்ஸும் இரண்டாவதை. டெக்சஸில் ஊருக்கு ஊர் அந்தந்த நகரமே எந்தப் பதிப்பு என்று முடிவு செய்துகொள்கிறது. அதனால்தான் டாலஸில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி ஒர்லாண்டோவில் கிரில் வாங்கக் கூடாது.

ஐ.எஃப்.சி.யின் வாசகம் சுருக்கமானது. கரி அடுப்பையும், திறந்த தழல் கொண்ட வேறெந்தச் சமையல் சாதனத்தையும், எரியக்கூடிய பால்கனியில் இயக்கக் கூடாது. எரியக்கூடிய கட்டுமானத்துக்குப் பத்து அடிக்குள்ளும் இயக்கக் கூடாது. பத்து அடி என்பது மூன்று மீட்டர். சாதாரண அப்பார்ட்மென்ட் பால்கனியின் ஆழம் ஐந்து, ஆறு அடி. ஆறடிப் பால்கனியில் பத்தடி தள்ளி நிற்க வேண்டுமென்றால் அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். தடை என்ற சொல்லை எழுதாமலே தடை செய்துவிட்ட விதி இது. இதற்கு விலக்குகள் மூன்று. ஒரு குடும்பம் அல்லது இரண்டு குடும்பம் மட்டும் வசிக்கும் வீடுகள் முதல் விலக்கு. கட்டடம், பால்கனி, மரத்தளம் ஆகியவற்றுக்குத் தானியங்கி ஸ்பிரிங்க்ளர், அதாவது சூடு பட்டதும் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பு, பாதுகாப்பாக இருப்பது இரண்டாவது. மிகச் சிறிய வாயு உருளை பொருத்திய கிரில் மூன்றாவது.

என்.எஃப்.பி.ஏ. இன்னும் கறார். ஒன்றிரண்டு குடும்ப வீடுகளைத் தவிர மற்றவற்றில் பால்கனியிலோ, மேலே துருத்திக்கொண்டிருக்கும் பகுதிக்கு அடியிலோ, கட்டடத்துக்குப் பத்து அடிக்குள்ளோ கிரில்லைப் பற்றவைக்கக் கூடாது. எரியும் சுவரா எரியாத சுவரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. கிரில்லைப் பால்கனியில் வைத்திருக்கவே கூடாது என்றும் தனி வரி போட்டிருக்கிறது. “சும்மாதான் மூடி வைத்திருக்கிறேன், பயன்படுத்துவதில்லை” என்ற வாதம் ஐ.எஃப்.சி. ஊரில் கரி அடுப்புக்கு எடுபடலாம், இங்கே எடுபடாது. ஏட்டில் பார்த்தால் சின்ன வேறுபாடு. ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு இது பெரிய வசதி. கரி பற்றவைத்த நேரத்தில் வந்து பிடிக்க வேண்டியதில்லை, சாமானைக் கண்டாலே போதும்.

நியூ ஜெர்சி தன் பங்குக்குப் பத்து அடியை ஐந்தாக்கி, அடுக்ககங்களின் பால்கனி, தாழ்வாரம், மேற்கூரையின் அடி என்று தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. நியூயார்க் நகரம் இன்னொரு தினுசு. புரொப்பேன் சிலிண்டர் கிரில்லுக்கு அடுக்ககங்களின் பால்கனியிலும் மொட்டைமாடியிலும் இடமே கிடையாது. கரி அடுப்புக்கோ, கட்டடத்திலிருந்து பத்து அடி இடைவெளியும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் இருந்தால் அனுமதி உண்டு. அங்கே செங்கல், கான்கிரீட் கட்டடங்கள் நிறைய. சுவரைவிடச் சிலிண்டரைக் கண்டு அஞ்சும் ஊர் அது.

தனிவீட்டுக்கு விலக்கு ஏன்? அந்த மரச்சுவரும் இதே மரச்சுவர்தான், வினைலும் இதே வினைல்தான். இயற்பியலில் இதற்கு விடை இல்லை. தன் வீட்டைத் தானே கொளுத்திக்கொள்கிறவரின் கையைப் பிடிக்க அமெரிக்கச் சட்டம் தயங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் தலைக்குமேலும் அதே கூரை என்றால் தயங்குவதில்லை. டவுன்ஹவுஸ் என்னும் வரிசை வீடுகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. அங்கே அந்த ஊர் ஃபயர் மார்ஷல் என்னும் தீத்தடுப்பு அதிகாரி சொன்னதுதான் சட்டம்.

ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதே என்பவருக்கு

இரண்டாவது விலக்கைத்தான் மிகுதியாகத் தவறாகப் படிக்கிறார்கள். விளம்பரத் தாளில் முழுக் கட்டடத்துக்கும் ஸ்பிரிங்க்ளர் என்று போட்டிருக்கும். உடனே கிரில் வைக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். விதி சொல்வது கட்டடம், பால்கனி, மரத்தளம் மூன்றுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று. கூடத்தின் உட்கூரையில் இருக்கும் தலை, அதாவது தண்ணீர் தெளிக்கும் முனை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே எரியும் தீக்கு எதுவும் செய்யாது. வீட்டு ஸ்பிரிங்க்ளர் தலைகள் பொதுவாக 155 டிகிரி ஃபாரன்ஹீட்டில் திறப்பவை. வெளித்தீயின் சூடு உள்ளே வந்து அந்தத் தலையைத் தொடும்போது கூரை போயிருக்கும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. நான்கு மாடி வரையிலான குடியிருப்புகளில் பொருத்துவது பெரும்பாலும் 13ஆர் என்ற தரத்திலான அமைப்பு. ஆள் வெளியேற நேரம் வாங்கிக்கொடுப்பதுதான் அதன் குறிக்கோள், கட்டடத்தைக் காப்பாற்றுவது இல்லை. பயன்பாட்டில் இல்லாத பரண், சுவர்களுக்கு இடைப்பட்ட பொந்துகள் போன்ற இடங்களில் தலை வைக்காமல் விட அது இடம் தருகிறது. செலவு குறையும், சின்ன ஊர்களிலும் ஸ்பிரிங்க்ளர் வரும் என்ற நல்லெண்ணத்தில் செய்த சமரசம் அது. உயிர்க்கணக்கில் அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. கட்டடக் கணக்கு வேறு.

2015 ஜனவரி 21 அன்று நியூ ஜெர்சியின் எட்ஜ்வாட்டரில், ஹட்சன் நதிக்கரை அடுக்ககம் ஒன்றில் நடந்ததை அந்தப் பக்கம் வசிக்கும் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே காரணம் கிரில் கிடையாது. குழாய் வேலை செய்தவர்கள் பயன்படுத்திய தழல் டார்ச்சிலிருந்து தீ சுவருக்குள் புகுந்தது. ஸ்பிரிங்க்ளர் இருந்த கட்டடம்தான். ஆனால் தீ ஓடியது தலைகள் இல்லாத பொந்துகளிலும் பரணிலும். சுமார் 240 வீடுகள் அழிந்தன. ஒருவரும் இறக்கவில்லை. 13ஆர் கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றியது என்று இதைப் படிக்கலாம். உடுத்திய துணியோடு வெளியே நின்றவர்கள் வேறு மாதிரி படித்திருப்பார்கள். பால்கனியில் தொடங்கும் தீயும் கூரை விளிம்பு வழியாக இதே பரணுக்குத்தான் போகிறது.

இதனால்தான் கட்டட விதி நூலில் ஒரு வேடிக்கையான வரி இருக்கிறது. ஐந்தாம் வகைக் கட்டடத்தில் 13ஆர் போட்டால், மேலே கூரையோ இன்னொரு தளமோ உள்ள ஒவ்வொரு பால்கனிக்கும், பேட்டியோ என்னும் தரைத்தள வெளித்திண்ணைக்கும் தனியாக ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை வைக்க வேண்டும். பனி உறையும் ஊர்களில் குழாய்க்குள் தண்ணீர் நிற்காத வகைத் தலை, பக்கச் சுவரிலிருந்து எட்டிப்பார்க்கும். ஒரு புத்தகம் இங்கே கிரில் மூட்டாதே என்கிறது. அடுத்த புத்தகம் எப்படியும் மூட்டத்தான் போகிறான் என்று தண்ணீரைத் தயாராக வைக்கச் சொல்கிறது. விதி எழுதியவர்களுக்கு மனிதரைப் பற்றி மயக்கம் எதுவும் இல்லை. உங்கள் பால்கனியில் அப்படி ஒரு தலை இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். இருந்தால் கட்டடம் ஓரளவு புதியது. இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் கிரில்லைத் தடுத்திருந்தால் ஒப்பந்தம்தான் செல்லும். சட்டம் அனுமதித்ததைக்கூட ஒப்பந்தம் மறுக்கலாம். சட்டம் மறுத்ததை ஒப்பந்தம் அனுமதிக்க முடியாது.

இரண்டரை பவுண்ட் கணக்கு

மூன்றாவது விலக்கில் வரும் எண் குழப்பமானது. நீர்க்கொள்ளளவு 2.5 பவுண்டுக்கு மேற்படாத உருளை என்கிறது விதி. கடையில் கிடைப்பதோ 1 பவுண்ட் சிலிண்டர், முகாம் போகிறவர்கள் வாங்கும் சின்னக் குப்பி. இரண்டும் ஒன்றேதான். ஓர் உருளையில் முழுக்கத் தண்ணீர் நிரப்பினால் எவ்வளவு எடை நிற்குமோ அதுதான் நீர்க்கொள்ளளவு. திரவப் புரொப்பேன் தண்ணீரில் ஏறத்தாழ பாதி எடைதான். தவிர, வெயிலில் திரவம் விரியும் என்பதால் மேலே ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தண்ணீர் எடையில் 42 சதவீதம்தான் வாயு நிரப்பலாம். 2.5-ல் 42 சதவீதம் ஒரு பவுண்டுக்குச் சற்றே மேல். கிரில்லுக்கு அடியில் மாட்டும் பெரிய சிலிண்டரின் கழுத்தில் 47.6 என்று பொறித்திருக்கும். அதில் 42 சதவீதம் 20 பவுண்ட், நம் கணக்கில் 9 கிலோ.

9 கிலோவுக்கு ஏன் பயம்? புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போய்க் கரையாது, தண்ணீர்போலத் தாழ்வான இடம் தேடும். பலகை இடுக்கு வழியாகக் கீழ்வீட்டு பால்கனியில் இறங்கும். காற்றில் வெறும் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அங்கே ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. அதைவிட மோசம், வேறெங்கோ பிடித்த தீ பால்கனிக்கு வரும்போது அங்கே ஒரு சிலிண்டர் நின்றிருப்பது. சூடேறினால் அதன் பாதுகாப்பு வால்வு திறந்து வாயுவைப் பீய்ச்சும். அது வெடிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் பீய்ச்சிய வாயு ஒரு தீப்பந்தமாக எரிந்துகொண்டிருக்கும், எதிரே ஏணி போட்டு ஏறி வரும் தீயணைப்பு வீரரின் முகத்துக்கு நேராக.

சிலிண்டர்களுக்கான தனி விதி நூலான என்.எஃப்.பி.ஏ. 58, இரண்டோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடத்தில் தரைத்தளத்துக்கு மேற்பட்ட பால்கனிகளில் 1 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டரைத் தடுக்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்தப் பால்கனிக்கு வெளிப்புறப் படிக்கட்டு இருந்து, சிலிண்டரை அந்தப் படி வழியாகக் கொண்டுபோக முடிந்தால் சரி. காரணம் தெரிகிறதல்லவா? லிஃப்டுக்குள், மூடிய நடைபாதையில், யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தின் குறுக்கே அது போகக் கூடாது. நம் ஊரில் தோளில் சிலிண்டரோடு நான்கு மாடி ஏறும் ஏஜென்சி ஊழியரை இந்த நூலை எழுதியவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

1 பவுண்ட் விலக்கு எனக்கு அத்தனை உவப்பில்லை. சிலிண்டர் சின்னதானால் கசிவு சிறிதாகும், வெடிப்பு சிறிதாகும். ஆனால் சுவரைச் சுடும் தழலின் சூடு சிலிண்டர் அளவைப் பொறுத்தது இல்லை. கொழுப்பு பற்றி எரிவதும் அப்படித்தான். முழுத் தடை போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்று செய்ததாகவே தோன்றுகிறது.

கிரில் தீ அபூர்வம் என்று நினைத்தால், என்.எஃப்.பி.ஏ. கணக்கு இது: 2014 முதல் 2018 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 10,600 வீட்டுத் தீக்களில் கிரில்லுக்குப் பங்கு இருந்தது. அவற்றில் 4,900 கட்டடங்களையே பிடித்தவை. ஜூலையில்தான் உச்சம். கரியைவிட வாயு கிரில்களே இதில் அதிகம், கசிவும் உடைந்த குழாயும் முக்கியக் காரணம். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த கிரில்லின் பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டிவிடும். வாயு போகும் வழி அடைபட்டு, பின்பக்கமாகத் தழல் வரும். கோடையின் முதல் நாளில் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நம்மவர் அடுப்பு

இதுவரை கிரில் என்றே சொல்லிவந்தேன். தமிழ் வீடுகளில் உண்மையான பிரச்சினை வேறொன்று. மீன் வறுத்தால் வாசனை மூன்று நாள் தங்கும், மிளகாய் வற்றல் தாளித்தால் புகை அலாரம் அலறும், மின்சார அடுப்பில் பெரிய பிரியாணி அண்டா சூடேறாது. அதனால் ஒரு கையடக்க வாயு அடுப்பை வாங்கிப் பால்கனியில் வைத்துவிடுகிறோம். பார்பிக்யூ செய்யாத குடும்பத்தில்கூட இந்த “வெளி அடுப்பு” இருக்கும். விதியின் வாசகத்தைத் திரும்பப் பாருங்கள்: திறந்த தழல் கொண்ட சமையல் சாதனம். கம்பி வலை இருக்கிறதா, வாணலி இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. வாணலியில் இரண்டு லிட்டர் எண்ணெய் கொதிக்கிறது என்றால் கிரில்லைவிடப் பெரிய ஆபத்து. கொட்டினால் எரியும் எண்ணெய் பலகை இடுக்கு வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். பற்றிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீக்கோளமாகச் சீறும். அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூட வேண்டும்.

பெல்லட் கிரில் என்று மரத் துகளில் வேகும் ஒன்று இப்போது புழக்கத்தில் இருக்கிறது. பிளக்கில் செருகுவதால் மின்சார கிரில் என்று சிலர் நம்பிக்கொள்கிறார்கள். மின்சாரம் அங்கே விசிறிக்கும் துகளை நகர்த்தவும்தான். எரிவது மரம். பெரும்பாலான ஃபயர் மார்ஷல்களிடம் இந்த வாதம் செல்லாது.

மழை வந்துவிட்டது, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்பது எல்லாவற்றிலும் மோசமான முடிவு. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் மின்சாரம் போய் வீடுகள் உறைந்தபோது, குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி மூட்டியவர்களும் மூடிய கராஜில் காரை ஓடவிட்டவர்களும் ஹூஸ்டன் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் வந்துசேரவில்லை.

சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே வெள்ளையாகப் பூத்த கரி உள்ளே ஒரு நாளுக்கு மேலும் கனன்றுகொண்டிருக்கும். அதைக் காகிதப் பையிலோ பிளாஸ்டிக் குப்பைக்கூடையிலோ கொட்டி, பால்கனி மூலையில் வைத்துவிட்டுத் தூங்கப்போனதில் தொடங்கிய தீக்கள் ஏராளம். மூடியுள்ள உலோக வாளி, தண்ணீர், இரண்டு நாள் பொறுமை வேண்டும். பூந்தொட்டியில் கொட்டுவதும் ஆகாது. கடையில் வாங்கும் தொட்டி மண்ணில் பீட் என்னும் மக்கிய தாவரக் கரிமம் கலந்திருக்கும், காய்ந்தால் அதுவே எரியும். சிகரெட்டைத் தொட்டியில் குத்தி அணைக்கிறவர்களால் பால்கனிகள் எரிவது அமெரிக்காவில் தீயணைப்புத் துறையினர் அலுத்துப்போகும் அளவுக்குச் சொல்லிவரும் கதை. அது தொட்டி, மண்தானே என்று நமக்குத் தோன்றும். செம்மண் பூமியிலிருந்து வந்தவர்கள் வேறெப்படி நினைப்போம்?

எரிந்தபின் யார் கொடுப்பது

விதியை மீறினால் முதலில் வருவது எச்சரிக்கைக் கடிதம், பிறகு அபராதம். இதற்குப் பெரிதாக யாரும் பயப்படுவதில்லை. கூரை போனால் வரும் கணக்கு வேறு. கட்டட உரிமையாளருக்கு அவருடைய காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிடும். கொடுத்தபின் அந்த நிறுவனம், தீக்குக் காரணமானவரிடம் வசூலிக்கப் பார்க்கும். வாடகைக்காரரிடம் அப்படி வசூலிக்கலாமா என்பதில் அமெரிக்க மாநிலங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 1975-ல் ஒக்லஹோமாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. வாடகை வீட்டில் ஒரு சிறுவன் வேதியியல் விளையாட்டுப் பெட்டியோடு விளையாடித் தீ வைத்துவிட்ட வழக்கு. காப்பீட்டுத் தவணை வாடகையிலிருந்துதான் போகிறது, ஆகவே வாடகைக்காரரும் காப்பீடு பெற்றவரைப் போன்றவரே, காப்பீட்டு நிறுவனம் தன் ஆளின்மேலேயே வழக்குப் போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சில மாநிலங்கள் இதைப் பின்பற்றுகின்றன. சில, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு சொல்கின்றன. வேறு சில மாநிலங்களில் தாராளமாக வழக்குப் போடலாம். அங்கே “கிரில் கூடாது” என்ற வரியின் கீழ் நீங்கள் போட்ட கையெழுத்து எதிர்த்தரப்பின் முதல் சான்றாகிவிடும்.

மாதம் பத்து, இருபது டாலருக்குக் கிடைக்கும் ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் என்னும் வாடகைக்காரர் காப்பீட்டைப் பலர் டிவிக்கும் சோபாவுக்கும் என்று நினைத்து எடுக்கிறார்கள். அதில் மதிப்புள்ள பகுதி, பிறர் உடைமைக்கு நீங்கள் ஏற்படுத்திய சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு. பொதுவாக அந்தத் தொகை ஒரு லட்சம் டாலரில் தொடங்கும். தீயை அணைக்க அடித்த தண்ணீர் நான்கு வீடுகளில் புகுந்தாலே அது தீர்ந்துவிடும். கூரைக்கு எங்கே போவது?

சரி, கோழியை எங்கே சுடுவது? மின்சார கிரில்லில் திறந்த தழல் இல்லை, அதனால் ஐ.எஃப்.சி. அதைத் தொடவில்லை. ஃபுளோரிடாவின் விதி அதற்கும் அளவு வைத்திருக்கிறது: மேசைமேல் வைக்கும், பாதுகாப்புச் சான்று பெற்ற மின்சார கிரில், சமைக்கும் பரப்பு 200 சதுர அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பக்கத்துக்குப் பதினான்கு அங்குலம், நல்ல அகலமான தோசைக்கல் அளவு. கரியின் மணம் வராது, ஒத்துக்கொள்கிறேன்.

மணம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நீச்சல் குளத்தின் பக்கத்தில் பொது கிரில் இருக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போனால் இடம் கிடைக்காது. நாங்கள் நான்கு மணிக்கே போய், கம்பி வலையில் முந்தைய ஆள் விட்டுப்போன கொழுப்பைச் சுரண்டி, எலுமிச்சம்பழம் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் வைப்போம். சுற்றிலும் பத்து அடிக்கு வெறும் சிமென்ட் தரை.